ராமானுஜனுக்கு உடலியல் எதற்கு?

அமெரிக்காவில் பிள்ளையைக் காலேஜில் சேர்த்துவிட்டு வரும் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு இரண்டு விஷயத்தில் போய் நிற்கும். ஒன்று ஃபீஸ். இன்னொன்று இது:

"பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போறான். அவனுக்கு எதுக்குங்க கிரேக்க நாடகமும் மியூசிக் அப்ரிசியேஷனும்? அதுக்கும் கிரெடிட் கணக்குப் போட்டு டாலர் வாங்குறானே!"

பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்வார், "நம்மூர்ல இந்தத் தொல்லையே கிடையாது சார். சேர்ந்த அன்னிக்கே சப்ஜெக்ட்தான்."

ஃபீஸ் விஷயத்தில் என்னிடம் ஆறுதல் எதுவும் இல்லை. இரண்டாவது விஷயத்தைப் பற்றி எழுதலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இந்தத் தொல்லை நம்மூரில் நூறு வருடங்களுக்கு முன்பே இருந்தது. போனது. திரும்ப வந்தது. மறுபடி போய்க்கொண்டிருக்கிறது. இந்த வரவையும் போக்கையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூருதான் சரியான இடம். நான் இங்கே வருவதற்கு முன் சில வருடங்கள் யஷ்வந்த்பூர் பக்கம் குடியிருந்து வேலை பார்த்த ஊர் என்பதால் கொஞ்சம் பாசமும் உண்டு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே அமெரிக்காவில் 'கோர்' என்றால், என்ன மேஜர் எடுத்தாலும் எல்லா மாணவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடங்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919ல், இப்படி ஒரு பாடத்தை ஆரம்பித்தது. நம்மூரில் 'கோர் சப்ஜெக்ட்' என்றால் அர்த்தம் தலைகீழ். மெக்கானிக்கல் படித்தவனுக்கு மெக்கானிக்கல்தான் கோர். 'கோர் கம்பெனியில் வேலை கிடைக்கல, ஐ.டி.க்குப் போயிட்டேன்' என்று சொல்கிறோமே, அந்தக் கோர். ஒரே வார்த்தை, அங்கே எல்லாருக்கும் பொதுவானது, இங்கே எனக்கு மட்டும் உரியது. இந்தப் பதிவில் முதல் அர்த்தத்தைப் 'பொதுப்பாடம்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

*

பழைய சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெங்களூரு கதைக்குச் சென்னை எதற்கு என்று கேட்காதீர்கள். பெங்களூரின் சென்ட்ரல் காலேஜ் 1858ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1875ல் சென்ட்ரல் காலேஜ் என்று பெயர் பெற்றது. 1916ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வரும் வரைக்கும் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. ராஜாஜி ஓசூரில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு பி.ஏ. படித்தது இந்தக் கல்லூரியில்தான். அப்புறம் சட்டம் படிக்கச் சென்னை பிரசிடென்சி காலேஜுக்குப் போனார். முதலில் ஒரு டிகிரி, பிறகு தனியாகச் சட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷன் முடித்ததும் எஃப்.ஏ. என்று இரண்டு வருடப் படிப்பு. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. அந்த எஃப்.ஏ.வில் எல்லாருக்கும் எல்லாமும் உண்டு. ஆங்கிலம், இரண்டாவது மொழி, கணக்கு, உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு. ஆமாம், கிரேக்கம்தான்! நம் நண்பர் புலம்பும் அதே கிரேக்கம், காவிரிக் கரையில், நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு.

இதில் மாட்டிக்கொண்டவர் யார் என்று உங்களுக்கே தெரியும். ராமானுஜன் 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஓடவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் ஸ்காலர்ஷிப் போயிற்று. 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907ல் மறுபடி எழுதி மறுபடி தோல்வி. உடலியல் அவருக்கு எட்டிக்காய். டிகிரி இல்லாமலேயே கிளார்க் வேலைக்குப் போய், பிறகு 1913ல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும், 1914ல் அவர் கப்பல் ஏறியதும் நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் வந்த கதை.

பொதுப்பாடம் வேண்டாம் என்று வாதாடுகிறவர்கள் ராமானுஜனைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். நியாயமான சாட்சிதான். ஆனால் அந்த உடலியல் பாடம் எதற்காக இருந்தது என்று பாருங்கள். கணக்குப் பையனும் உடலியல் பையனும் உட்கார்ந்து ஒருவர் யோசிக்கும் விதத்தை இன்னொருவர் தெரிந்துகொள்ள வைக்கப்பட்டதா? கிடையாது. எத்தனை பேரை உள்ளே விடுவது, எத்தனை பேரை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்கிற சுங்கச்சாவடி அது. எல்லாப் பாடத்திலும் பாஸ் என்ற கட்டணத்தைக் கட்டினால் வண்டி போகலாம், இல்லாவிட்டால் ஓரம் கட்டு.

பொதுப்பாடத்தை இன்னொரு விதமாகவும் வைக்கலாம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும், எல்லா இலைக்கும் எல்லாம் வரும். ஒருவர் பாயசத்தை இரண்டு தரம் வாங்குவார், ஒருவர் கூட்டைத் தொட்டு மட்டும் பார்ப்பார். ஆனால் உட்கார்ந்தது ஒன்றாகத்தான். சாவடியா, பந்தியா? இனி வரும் கதை முழுக்க இந்தக் கேள்விதான்.

*

சுதந்திரம் வந்ததும் முதல் வேலைகளில் ஒன்றாக 1948 நவம்பரில் பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன் அமைத்தார்கள். தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர், சென்னை கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், 1918லிருந்து மைசூரில் மகாராஜா காலேஜில் பாடம் நடத்தியவர். உறுப்பினர்களில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார் உண்டு, ஜாகிர் உசேன் உண்டு, விஞ்ஞானி மேக்நாத் சாகா உண்டு. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர். ஒருவர் ஆர்தர் மார்கன், ஆண்டியாக் காலேஜின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் ஜான் டைகர்ட், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். ஹார்வர்ட் 1945ல் பொதுக்கல்வி பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டிருந்த காலம் அது.

1949ல் வந்த ராதாகிருஷ்ணன் கமிஷன் அறிக்கை பொதுக்கல்விக்கென்று தனி இடம் கொடுத்தது. விஞ்ஞானம் படிக்கிறவனுக்குச் சமூகமும் இலக்கியமும், கலை படிக்கிறவனுக்கு விஞ்ஞானமும் தெரிய வேண்டும், சிறப்புப் படிப்பும் பொதுப் படிப்பும் பிணைந்து போக வேண்டும் என்பது சாராம்சம். ஆக, 'இது அமெரிக்கப் பைத்தியம்' என்று நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி திருத்தணி.

அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. 1950களிலும் 60களிலும் அலிகர், பரோடா போன்ற பல்கலைக்கழகங்கள் முயன்றும் பார்த்தன. ஆனால் நாடு முழுக்க அது வேர் பிடிக்கவில்லை. காரணத்தை ஊகிக்க பெரிய ஆராய்ச்சி வேண்டாம், நம் காலேஜ் நாட்களை நினைத்தால் போதும். எந்தப் பாடம் யாருக்கும் சொந்தமில்லையோ அதை யாரும் அக்கறையாக நடத்த மாட்டார்கள். இயற்பியல் துறைக்கு இயற்பியல் மாணவன் சொந்தம். 'எல்லாருக்குமான விஞ்ஞானம்' என்ற பாடம் யாருக்குச் சொந்தம்? துறையில் யார் ஜூனியரோ அவர் தலையில் விழும். மாணவனுக்கும் அது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு பார்ட் ஒன், பார்ட் டூ, பார்ட் த்ரீ நினைவிருக்கும். தமிழும் ஆங்கிலமும் முதல் இரண்டு. மேஜர் மூன்றாவது. வேலைக்கு இன்டர்வியூ போனால் கேட்பது, 'பார்ட் த்ரீ பர்சென்டேஜ் எவ்வளவு?' அவ்வளவுதான், மீதி இரண்டும் கரையேறினால் போதும்.

பிறகு 1978ல் தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் ப்ளஸ் டூ வந்தது. ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப் என்று பதினைந்து வயதிலேயே பிள்ளைகளை வரிசை பிரித்தோம். கணக்கு எடுத்தவன் பலர் உயிரியலுக்கு முழுக்குப் போட்டான், உயிரியல் எடுத்தவள் பலர் கணக்குக்கு. 'சேர்ந்த அன்னிக்கே சப்ஜெக்ட்' என்று நண்பர் பெருமையாகச் சொன்னது, சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது!

*

இப்போது பெங்களூருக்கு வருவோம்.

சட்டப்படிப்பு என்றால் ராஜாஜி காலத்திலிருந்து ஒரே வழிதான். முதலில் ஏதாவது ஒரு டிகிரி. பிறகு சட்டம். பல ஊர்களில் சட்டக் கல்லூரி என்பது வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் எட்டிப் பார்க்கும் இடமாக இருந்தது. இதை மாற்ற வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் முனைந்ததில் பிறந்தது பெங்களூரின் நேஷனல் லா ஸ்கூல். கர்நாடக சட்டமன்றம் 1986ல் சட்டம் இயற்றியது, 1988ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். நடத்தியவர் பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன். சொந்தக் கட்டடம்கூட இல்லாமல் முதலில் வகுப்பு நடந்தது எங்கே தெரியுமா? அதே சென்ட்ரல் காலேஜ் வளாகத்தில். நாகரபாவிக்குப் போனது அப்புறம்தான். ராஜாஜி டிகிரியை முடித்துவிட்டுச் சட்டத்துக்காக வேறு ஊருக்கு வண்டி ஏறிய அதே இடத்தில், டிகிரியையும் சட்டத்தையும் பின்னி ஐந்து வருடப் படிப்பாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

'பின்னி' என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டேன். இரண்டு வருடம் பி.ஏ., மூன்று வருடம் சட்டம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் அது பழைய கதைதான். இங்கே வரலாறு, பொருளாதாரம், சமூகவியல், அரசியல் எல்லாம் சட்டப் பாடங்களோடு சேர்ந்து ஓடின. வருடத்தை மூன்று டிரைமெஸ்டராகப் பிரித்தார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதி, அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் நேரில் பதில் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் நடத்தும் முறையை மேனன் வலியுறுத்தினார். ஒரு நில உச்சவரம்புச் சட்டத்தை வக்கீலும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து விளக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சொந்தமில்லாத பாடம் என்ற பிரச்சினையே அங்கே எழாது. இரண்டு பேருக்கும் அது சொந்தம்.

இந்த மாதிரி வெற்றி பெற்றது என்பதற்கு ஒரே சாட்சி போதும். நாடு முழுக்க மாநிலத்துக்கு மாநிலம் லா யுனிவர்சிட்டிகள் இதைப் பார்த்து வந்தன.

*

அடுத்தது எங்கள் பேட்டையின் பெரிய வீடு, இந்திய அறிவியல் கழகம். பழைய பெங்களூர்க்காரர்களுக்கு 'டாடா இன்ஸ்டிட்யூட்'. ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவு, மைசூர் சமஸ்தானம் கொடுத்த 371 ஏக்கர், 1909ல் நிறுவப்பட்டு 1911ல் முதல் மாணவர்கள். 1933ல் முதல் இந்திய இயக்குநராக சர் சி.வி. ராமன். ஆரம்பத்திலிருந்தே அது ஆராய்ச்சிக்கான இடம். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு பி.இ. என்று ஒரு படிப்பு பல வருடங்கள் இருந்தது. ஆனால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை நேராக எடுத்து டிகிரி கொடுக்கும் வழக்கம் நூறு வருடமாகக் கிடையாது.

2006ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் ஐசர் கல்லூரிகள் தொடங்கி, முதல் இரண்டு வருடம் எல்லாருக்கும் எல்லா விஞ்ஞானமும் என்ற ஐந்து வருடப் படிப்பைக் கொண்டுவந்தன. அறிவியல் கழகம் தன் நூற்றாண்டை ஒட்டி யோசித்து 2011ல் நான்கு வருட இளநிலைப் படிப்பை ஆரம்பித்தது. அப்போது இயக்குநர் பேராசிரியர் பி. பலராம். 'கரண்ட் சயின்ஸ்' இதழின் ஆசிரியராக இருந்து விஞ்ஞானக் கல்வி பற்றி வருடக்கணக்கில் எழுதிவந்தவர்.

அந்தப் படிப்பின் வடிவத்தைப் பாருங்கள். மொத்தம் எட்டு செமஸ்டர். முதல் மூன்று செமஸ்டர் எல்லாருக்கும் பொது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லாரும் படிக்க வேண்டும். அதோடு கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங், எலக்ட்ரானிக்ஸ் மாதிரி பொறியியல் பாடங்கள். அதோடு ஹியூமானிட்டீஸ். ஒன்றரை வருடம் கழித்துத்தான் மேஜர். கடைசி வருடம் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி.

மாணவர்கள் வந்த வழி இன்னும் சுவாரசியம். ஒரே நுழைவுத் தேர்வு இல்லை. கே.வி.பி.ஒய். என்ற விஞ்ஞான உதவித்தொகைத் தேர்வு வழியாகச் சிலர், ஐ.ஐ.டி. தேர்வு வழியாகச் சிலர், மருத்துவ நுழைவுத் தேர்வு வழியாகச் சிலர். அதாவது ஃபர்ஸ்ட் குரூப்பும் செகண்ட் குரூப்பும் ஒரே பெஞ்சில்! பத்தாம் வகுப்போடு தவளைக்கு டாட்டா சொல்லிவிட்டு வந்த பையன், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்றால் பயப்படும் பெண். பதினைந்து வயதில் நாம் பிரித்த வரிசையைப் பதினெட்டு வயதில் மறுபடி ஒன்றாக உட்கார வைத்தார்கள்.

இதற்குத் திட்டம் போடுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புரியும். 'ரிக்வயர்மென்ட்' எழுதுவது சுலபம். வாரத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் டைம்டேபிள் தாங்காது. ஒவ்வொரு துறையும் 'எங்கள் பாடம் இவ்வளவாவது இல்லாவிட்டால் மேஜர் எப்படி நடத்துவது' என்று கேட்கும். பொதுப்பாடத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் கருவிகள். பி.எச்டி. மாணவர்களின் ஆய்வகத்தில் நூறு பிள்ளைகளை விட முடியாது, அவர்களுக்குத் தனியாக லேப் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இருபது வருடமாக ஆராய்ச்சி மாணவர்களையே பார்த்துப் பழகிய பேராசிரியர், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று செல் என்றால் என்ன என்று ஆரம்பிக்க வேண்டும். பாடம் எடுக்கப் போகிறவரும் திட்டம் போடுகிறவரும் ஒரே வளாகத்து ஆட்கள் என்பதால் இது நடந்தது என்பது என் கணிப்பு. விட்டுக்கொடுத்தவர்கள் யாருக்காக விட்டுக்கொடுத்தோம் என்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

2015ல் முதல் செட் பட்டம் வாங்கியது. அதே 2015ல் நகரின் இன்னொரு பக்கம் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இளநிலைப் படிப்பை ஆரம்பித்து, எந்த மேஜர் எடுத்தாலும் எல்லாருக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டம் என்று வைத்தது. அதில் இந்தியாவைப் புரிந்துகொள்வது ஒரு பகுதி.

*

நடுவே டெல்லியில் ஒரு விபத்து. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013ல் திடீரென்று நான்கு வருடப் படிப்புக்கு மாறியது. எல்லாருக்கும் 11 அடிப்படைப் பாடங்கள் கட்டாயம். ஆங்கில இலக்கியம் படிக்க வந்தவர்களுக்கும் கணக்கு உண்டு, கணக்கு படிக்க வந்தவர்களுக்கும் அதே வகுப்பு. ஏற்கெனவே தெரிந்தவனுக்குச் சலிப்பு, தெரியாதவனுக்குத் திகில். தயாராக அவகாசம் தரவில்லை என்று ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், மாணவர்கள் போராடினார்கள். 2014 ஜூனில் மானியக்குழு தலையிட்டது, ஒரே வருடத்தில் திட்டம் வாபஸ்.

அந்த அலையில் பெங்களூரு அறிவியல் கழகத்தின் நான்கு வருடப் படிப்பையும் மானியக்குழு கேள்வி கேட்டது. பட்டத்தின் பெயரும் விதியும் திருத்தப்பட்டு அது பிழைத்துக்கொண்டது. இரண்டும் நான்கு வருடப் படிப்புதான், இரண்டிலும் பொதுப்பாடம் கட்டாயம்தான். டெல்லியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மேல் ஒரே வருடத்தில் இறக்கியது நிற்கவில்லை. நூறு பேரை வைத்து நிதானமாக ஆரம்பித்தது நின்றது.

*

கடைசிக் கட்டம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது.

2020ல் புதிய தேசியக் கல்விக் கொள்கை. அதை இளநிலைப் படிப்பில் முதலில் அமல்படுத்தும் மாநிலம் நாங்கள்தான் என்று கர்நாடகம் முன்னால் வந்தது. 2021 ஆகஸ்டில் அரசாணை, அந்த வருட அட்மிஷனுக்கே அமல். முதல் இரண்டு வருடம் இரண்டு மேஜர், வேறு துறையிலிருந்து ஓபன் எலக்டிவ், இரண்டு மொழிகள், டிஜிட்டல் ஃப்ளூயன்சி, சுற்றுச்சூழல், அரசியல் சாசனம். வருடா வருடம் வெளியேற ஒரு வாசல், நான்காவது வருடம் ஹானர்ஸ்.

என் அக்கா மகள் அந்த முதல் செட். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் எடுத்தாள். போனில் கேட்டேன், "ஓபன் எலக்டிவ் என்ன எடுத்தே?"

"நாம எங்க மாமா எடுக்கிறது? லிஸ்ட்ல எட்டு இருந்தது. எந்த மிஸ் ஃப்ரீயோ அந்த சப்ஜெக்ட்."

கன்னடத்தைக் கட்டாயமாக்கியது பெரிய சர்ச்சையானது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2022ல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. வெளியூர்த் தமிழர்கள் பலர் அதைப் பற்றிக் கொதித்தார்கள். அக்கா மகள் சொன்னது வேறு. "கன்னடம் படிச்சது கஷ்டமாவே இல்ல மாமா. பஸ்ல பேசுறதுதானே. அந்த க்ளாஸ்லதான் பி.காம்., பி.ஏ. பசங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்திருந்தோம்." எந்தப் பாடத்தை எல்லாரும் சாவடி என்று சண்டை போட்டார்களோ அது அவளுக்குப் பந்தியாக இருந்திருக்கிறது!

2023ல் ஆட்சி மாறியது. மானியக்குழுவின் முன்னாள் தலைவர், பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையில் மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை வகுக்க ஆணையம் போட்டார்கள். அதன் இடைக்கால அறிக்கையை வைத்து 2024 மே மாதம் நான்கு வருட ஹானர்ஸ் முறையை விலக்கி, 2024-25லிருந்து பழையபடி மூன்று வருடம் என்று உத்தரவு. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் விரும்பினால் நான்காவது வருடம் படிக்கலாம்.

சரியா தப்பா என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. நான்கு வருடம் என்றால் ஏழைக் குடும்பத்துக்கு இன்னொரு வருடச் செலவு, பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. அரசுக் கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர்களை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது, இருக்கிற பாடத்துக்கே ஆளில்லை என்பதும் பொய்யில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021ல் சேர்ந்த பெண் 2024ல் என்னிடம் கேட்ட கேள்வி, "நாலாவது வருஷம் படிச்சா எம்.எஸ்சி. ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா மாமா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் சொல்றாங்க." கடைசியில் மூன்று வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு இரண்டு வருட எம்.எஸ்சி. சேர்ந்தாள். மூன்று வருடத்தில் இரண்டு முறை வரைபடம் மாறிய வீட்டில் குடியிருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

*

நூறு பேரை வைத்து ஆரம்பித்த இடத்தையும் ஒரு மாநிலம் முழுவதையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். அறிவியல் கழகத்திலிருக்கும் ஆசிரியர் எண்ணிக்கையும் ஆய்வகமும் துமகூரு அரசுக் கல்லூரிக்கு வராது. ஆனால் லா ஸ்கூல் ஆரம்பித்தபோது அதற்கும் கட்டடம் இல்லை, இரவல் அறைதான். இருந்தது, ஒன்றாக உட்கார்ந்து பாடம் வகுத்த ஆசிரியர்கள். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து நடத்துவதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். நேரமும், அவர்களை நிரந்தரமாக வேலையில் வைத்திருக்கும் மனமும் வேண்டும். மூன்றா நான்கா என்று வருடக் கணக்கில் சண்டை போடும் ஊரில் அந்தப் பேச்சு மட்டும் காதில் விழவில்லை.

பிள்ளையை இங்கே சேர்த்தாலும் சரி, தாத்தா பாட்டி பக்கத்தில் இருக்கட்டும் என்று பெங்களூருக்கு அனுப்பினாலும் சரி, கேம்பஸ் சுற்றிப் பார்க்கப் போகும்போது ஜிம்மையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, பொதுப்பாடத்தை நடத்துவது யார்? அந்தத் துறையின் நல்ல ஆசிரியரா, அல்லது அன்றைக்கு யார் ஃப்ரீயோ அவரா?

இரண்டு, அந்த வகுப்பில் வேறு துறைப் பிள்ளைகள் உட்காருகிறார்களா? இல்லை, அவரவர் துறைக்குத் தனித்தனியாக நடத்துகிறார்களா? தனித்தனி என்றால் அது வெறும் எக்ஸ்ட்ரா சப்ஜெக்ட்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பாடத்தில் கொழுந்துவிட்டு எரிகிற பிள்ளை இன்னொரு பாடத்தில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடி எழுத வழி உண்டா, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, ஸ்காலர்ஷிப் நிற்குமா? சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இதற்குப் பதில் கிடைக்க 1907லிருந்து 1913 வரை ஆயிற்று. அதுவும் அந்த ஒரே ஒருவருக்கு.